சிரட்டையும் கருவாடும்: வீட்டு நாய்க்கு விளையாட்டுப் பழக்கலாம்

வன்னியில் நாய் இல்லாத வளவு குறைவு. ஆனால் இரவில் குரைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை ஏதும் நாங்கள் கொடுப்பதில்லை. பாவம், அதற்கும் விளையாட ஆசை இருக்கிறது. உயர்சாதி நாய்தான் வேண்டும் என்றில்லை. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக் கறுப்பன் சாதாரண ஊர் நாய்தான்.

முதலில் தீனி. நெத்தலிக் கருவாட்டு மணத்துக்கு எந்த நாயும் ஓடி வரும், ஆனால் அவ்வளவு உப்பு அதற்குக் கூடாது. நன்றாக ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, எண்ணெய் விடாமல் வறுத்து, சின்னச் சின்னத் துண்டாகக் கிள்ளுங்கள். அவித்த கோழி ஈரலும் நல்லது. வெங்காயம் போட்ட கறியும் சொக்லேட்டும் வேண்டவே வேண்டாம், இரண்டும் நாய்க்கு நஞ்சு.

பின்னேரம் முற்றத்து மணல் சூடு ஆறியதும், சாப்பாட்டுக்கு முன்னர் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே நாக்கால் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே தீனி. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1951இலேயே இப்படி எழுதியிருக்கிறார். தீனி எடுத்து நீட்டுவதற்குள் நாய் வேறு ஏதாவது செய்துவிடும். எதற்குப் பரிசு என்பதை அந்தச் சத்தம்தான் அதற்குச் சொல்கிறது. அடித்துப் பழக்கினால் நாய் உங்களைக் கண்டு ஒதுங்கும், வேறொன்றும் நடக்காது.

'கை தா' பழக்க, தீனியைக் கைக்குள் பொத்தி நீட்டுங்கள். மோந்து பார்க்கும், நக்கும், கடைசியில் காலால் பிறாண்டும். கால் பட்டதும் 'டக்'. அது தானாகக் காலை வைக்கத் தொடங்கிய பிறகே சொல்லைச் சேர்க்க வேண்டும். அம்மம்மா 'கை குடு' என்றும் பிள்ளைகள் 'கை தா' என்றும் சொன்னால் நாய் குழம்பிப்போகும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல்.

கறுப்பனுக்கு மிகவும் பிடித்தது சிரட்டை விளையாட்டு. கண்ணுள்ள பாதிச் சிரட்டைகள் மூன்று எடுங்கள். தேங்காய்ப்பூ ஒட்டாமல் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, மூன்றிலும் கண்ணைத் துளைத்துவிடுங்கள், மணம் அதுவழியே வரும். முதலில் ஒரே சிரட்டை. நாய் பார்க்கக் கருவாட்டை வைத்து மூடுங்கள். மூக்கால் தொட்டதும் 'டக்', சிரட்டையைத் தூக்கிவிடுங்கள். பிறகு இரண்டு, அப்புறம் மூன்று, இடம் மாற்றி மாற்றி. பிழையான சிரட்டையைத் தொட்டால் ஏசாதீர்கள், பேசாமல் இருங்கள், அது திரும்பத் தேடும். கண்ணிவெடி தேடும் நாய்களையும் மணம் பிடித்ததும் பரிசு கொடுத்துத்தான் பழக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் மூன்று சிரட்டையிலும் கருவாட்டைத் தேய்த்து எடுத்துவிட்டால், பழைய மணத்தை வைத்து அது ஏமாற்ற முடியாது.

குட்டி நாயென்றால் இரண்டு காலில் நிற்பது, உயரம் பாய்வது எல்லாம் இப்போது வேண்டாம். மூட்டு வளர்ந்து முடிய ஒரு வயதாவது ஆக வேண்டும். சிரட்டை விளையாட்டை மட்டும் எந்த வயதிலும் தொடங்கலாம்.