கைக்குழந்தையின் வயிற்றுப் பொருமலுக்கு வயிறு நீவும் முறை

மகனுக்கு ஆறாவது கிழமை நடந்தபோது, கல்லடி வீட்டில் பின்னேரம் ஆறு மணியானால் அழுகை தொடங்கிவிடும். காலை மடக்கி, முகம் சிவந்து, வயிறு இறுகிப்போய்க் கிடப்பான். மிட்வைஃப் அக்கா காட்டித் தந்ததைச் செய்து பழகியபிறகு எழுதுகிறேன்.

பால் குடித்து முக்கால் மணித்தியாலமாவது போகட்டும், இல்லாவிட்டால் கக்கிவிடும். அழுகை உச்சத்தில் நிற்கும்போது தொடங்க வேண்டாம். நான் ஐந்து மணிக்கே செய்துவிடுவேன். மெத்தை அமிழும். தரையில் பன்பாய் விரித்து, மேலே பழைய பருத்தித் துணி போடுங்கள். எண்ணெய் என்றால் எனக்குத் தேங்காய் எண்ணெய்தான், வாசனை எண்ணெய் எதுவும் வேண்டாம். நான்கைந்து துளியை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். முடிந்ததும் துடைத்துவிடுங்கள், நம் வெயிலுக்கு வேர்க்குரு போட்டுவிடும்.

நான் பிழைவிட்ட இடம் இதுதான். பெருங்குடல் பிள்ளையின் வலது அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்காகப் போய், இடது பக்கத்தால் இறங்குகிறது. பிள்ளை உங்களைப் பார்த்துக் கிடக்கும்போது அவனுடைய வலது உங்கள் இடக்கைப் பக்கம். நான் இதை மாற்றி விளங்கி, நான்கு நாள் எதிர்த்திசையில் நீவினேன். ஆகவே உங்கள் இடது பக்கம் கீழிருந்து மேலே, தொப்புளுக்கு மேலால் குறுக்கே, உங்கள் வலது பக்கத்தால் கீழே. அவன் வயிற்றில் மணிக்கூடு ஒன்று இருந்தால் முள் அப்படித்தான் சுற்றும். விலா எலும்பில் கை படாமல் ஆறேழு சுற்று போதும். முகம் சுளித்தால் நிறுத்துங்கள்.

பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றோடு மெல்ல அணைத்து, ஐந்து எண்ணி விடுங்கள். அடுத்து சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை மாறி மாறி அசையுங்கள். எங்களுக்கு வாயு போனது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

இது மருந்தல்ல. இந்த அழுகை 3, 4 மாதத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கும். அதுவரை பிள்ளைக்கும் நமக்கும் ஓர் ஆறுதல். பச்சையாக வாந்தி, மலத்தில் இரத்தம், பால் மறுப்பது, மூன்று மாதத்துக்குள் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல், இதில் எது கண்டாலும் நீவிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இலங்கையில் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம்.

பின்சேர்க்கை: தொப்புள்கொடி இன்னும் விழவில்லை, நீவலாமா என்று அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒருவ கேட்டிருந்தா. விழுந்து, புண் நன்றாகக் காயும்வரை வயிற்றைத் தொடாதீங்க தங்கச்சி, கால் அசைவு மட்டும் செய்யுங்க. மாமி தரச் சொன்ன ஓமத் தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான்.