இறுகிப்போன டிரெய்லர் ஹூக்கை உடைக்காமல் கழற்றுவது எப்படி

கடற்கரை ஓரமாகவே காலம் தள்ளிய பழைய ஜீப்பின் டிரெய்லர் ஹூக் மூன்று இடங்களில் இறுகும். வாயை மூடும் லாக்கின் பின் ஒன்று. சட்டத்தின் துளைக்குள் சுழல வேண்டிய ஷாஃப்ட் இன்னொன்று. மூன்றாவது, ஹூக்கின் தட்டைச் சேஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள். மூன்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. எடுத்த எடுப்பில் பெரிய சுத்தியலால் போட்டுத் தாக்குவதில்தான் லாக்கின் காது, அதாவது பின் நுழையும் துளையுள்ள பகுதி, உடைகிறது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் வேறு ஹூக் தேடலாம், ஆனால் அதுவும் பெரும்பாலும் இதே கோலத்தில்தான் வந்து சேரும்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஷாஃப்டுக்கும் துளைக்கும் இடையே இருந்த மெல்லிய இடைவெளி அப்படித்தான் அடைபடுகிறது. அதனால் முதல் வேலை ஊறவைப்பது. அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஏ.டி.எஃப். ஆயிலும் சரிபாதி, 100 மில்லி வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சீக்கிரம் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டே ஊற்ற வேண்டும். அசிட்டோன் பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். கம்பி பிரஷ்ஷால் மேல்துருவை உதிர்த்துவிட்டு, காலையும் மாலையும் இரு பக்கமும் சொட்டுவிட்டு, துணி சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவரைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் சென்னை வெயிலில் அசிட்டோன் ஆவியாகிப் போய்விடும். சொட்டுவிட்ட பிறகு சின்னச் சுத்தியலால் இருபது முப்பது தட்டு. அடி அல்ல, தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். மூன்று நாள் பொறுமை வேண்டும்.

லாக் பின்னின் ஒரு முனை ரிவெட் போல விரிந்திருந்தால், அதைக் கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கிய பிறகே பின்னை வெளியே தள்ள வேண்டும். காதின் அடியில் கனமான இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து, பின்னைவிடச் சற்றே மெலிந்த பஞ்ச் (தட்டை முனை எஃகுக் கம்பி) வைத்து அடியுங்கள்.

ஷாஃப்ட்தான் நேரம் பிடிக்கும். நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் ஸ்பிளிட் பின்னைப் பிடுங்க முடியாவிட்டால் டிரில் போட்டு எடுத்துவிட்டு, கோட்டை மதில்போலப் பள்ளம் வெட்டிய அந்த ‘கேஸில் நட்’டைக் கழற்றுங்கள். ஹூக்கின் வாயில் மூன்றடி பைப்பைச் செருகி, வலமும் இடமும் மாறி மாறி அசையுங்கள். ஒரே பக்கம் இழுத்தால் துருத்தூள் ஒரே இடத்தில் சேர்ந்து மேலும் கெட்டிப்படும். முதல் நாள் நூல் அளவு அசைந்தாலே போதும், பாதி வெற்றி.

அசையவே இல்லையென்றால் சூடு. எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்ட பிறகே நெருப்பு. அசிட்டோன் விட்ட அன்று தீக்குச்சிகூட வேண்டாம். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ், வயரிங் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சுட வேண்டியது துளையின் வெளிப்பகுதியை, ஷாஃப்டை அல்ல. 30 மி.மீ. துளையை 300 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் அது விரிவது சுமார் 0.1 மி.மீ.தான், ஆனால் அவ்வளவே போதும். ஓரிடத்தைப் பளபளவெனத் தேய்த்து வைத்தால், வைக்கோல் நிறம் வந்து நீலத்துக்கு மாறுவது கண்ணுக்குத் தெரியும். நீலத்தில் நிறுத்துங்கள். ஹூக்கின் வாயையும் கழுத்தையும் சிவக்கச் சுட்டால் அதன் பதம் போய்விடும், பிறகு அது இழுவைக்கு உதவாது. சூட்டோடு தண்ணீர் ஊற்றுவதும் கூடாது.

போல்ட்டுகளில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஜீப்புகளில் பெரும்பாலும் அங்குல அளவுதான், அதாவது நாலு நூல் (அரை அங்குல) போல்ட்டு. 12 மி.மீ. போல்ட்டின் தலைக்கும் இதற்கும் அதே 19 ஸ்பேனர் பொருந்துவதால், இடையில் யாராவது 12 மி.மீ. போல்ட்டை மாற்றிப் போட்டிருக்கலாம். அது நாலு நூல் நட்டுக்குள் சுலபமாகப் போகும், கையால் திருகினால் பிடித்ததுபோலவும் தோன்றும், பாரம் விழுந்தால் மரையை உருவிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து பாருங்கள், 12.7 மி.மீ.க்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும்.

கழற்றிய பிறகு சுத்தம். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவை ஹூக்கிலும், பாசிட்டிவை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு நாள் விடுங்கள். தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது, தண்ணீர் விஷமாகிவிடும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் வெளியில் வையுங்கள். லாக்கின் ஸ்பிரிங்கை மட்டும் இதில் போடாதீர்கள், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும். அதற்குக் கம்பி பிரஷ் போதும்.

பலர் இதோடு நேராகப் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். ஆறே மாதத்தில் கொப்புளம் வரும். குழிகளுக்குள் உப்பு அப்படியே இருப்பதுதான் காரணம். வெந்நீரும் பிரஷ்ஷுமாக இரண்டு முறை கழுவ வேண்டும், அதுவும் மெட்ரோ தண்ணீரில். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீரே உப்பு. கழுவித் துடைத்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். காலையில் குழிகளின் அடியில் கடுகளவு ஆரஞ்சுப் புள்ளிகள் பூத்திருந்தால் உப்பு இன்னும் போகவில்லை, மறுபடி கழுவுங்கள்.

பெயின்டுக்கு முன் விரிசல் சோதனை. ஹூக்கின் கழுத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி கழித்து நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் ஈரக்கோடு தலைமுடிபோல எழும்பும். எழும்பினால் வெல்டிங் வைத்துச் சமாளிக்க வேண்டாம், இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள்.

ரெட் ஆக்சைடு இரண்டு கோட், மேலே எனாமல் இரண்டு கோட். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். மற்ற மாதங்களிலும் பனி காய்ந்து இரும்பு வெதுவெதுப்பான பிறகே அடியுங்கள். ஷாஃப்ட், துளை, மரை இங்கெல்லாம் பெயின்ட் படக்கூடாது, கிரீஸ் மட்டும். ஸ்பிளிட் பின் கட்டாயம் புதியது. நட்டை இறுக்கியதும் ஹூக் கைக்குச் சுழல வேண்டும், ஆனால் முன்னும் பின்னும் ஆடக்கூடாது. லாக்கைத் தூக்கிக் கையை எடுத்ததும் அது தானே டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் ஸ்பிரிங் போய்விட்டது, மாற்றுங்கள். முதல் முறை பாரம் இழுத்து 50 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பாருங்கள்.