ஸ்டாண்ட் அப் ஜெட் ஸ்கீ ஹல் ரிப்பேர்: விரிசலை மூடுறதுக்கு முன்னாடி தண்ணியைத் தேடுங்க

போன வாரம் ஒரு தம்பி தன்னோட ஜெட் ஸ்கீ ஹல் (அதோட உடல்கூடு) படத்தை அனுப்பி, "அண்ணா, சின்ன கிராக்தான், ஃபில்லர் வச்சு தேய்ச்சு பெயின்ட் அடிச்சிட்டா முடிஞ்சிடும்ல?"ன்னு கேட்டான். படத்தைப் பார்த்ததும் எனக்கு பழசெல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. நின்னு ஓட்டுற டிரேயும் பல்க்ஹெட்டும் (ஹல்லுக்குள்ள இருக்கிற குறுக்குச் சுவர்) சேர்ற மூலையில விரிசல், ஓரத்துல லேசா ஈரக்கறை. பல வருஷத்துக்கு முன்னாடி என் ஹல்லுலயும் இதே இடத்துல இதே மாதிரிதான் வந்துச்சு, நானும் "முடிஞ்சிடும்"னுதான் நெனச்சேன். முடிஞ்சது என் சீசன்தான்.

மாஸ்க் போடணும், கிளவுஸ் போடணும், ஹார்ட்னரை கண்ணளவுல ஊத்தக்கூடாது, இதெல்லாம் டப்பா மேலயே எழுதியிருக்கு, அதுக்குள்ள நான் போகல. நல்லா வேலை தெரிஞ்சவங்களே சறுக்குற இடங்களை மட்டும் சொல்றேன்.

எடையை மட்டும் பார்த்து வாங்குறது

1973ல கவாஸாகி முதல் ஜெட் ஸ்கீயை இறக்கினப்ப ஹல் கையால போட்ட ஃபைபர் கிளாஸ். அப்புறம் கம்பெனிங்க எஸ்எம்சிக்கு மாறினாங்க, அதாவது ரெசினும் (காய்ஞ்சா இறுகுற பிசின்) வெட்டின கண்ணாடி நாரும் கலந்த ஷீட்டை சூடான அச்சுல வச்சு பிரஸ் பண்றது. கனமா இருக்கும், ஆனா ஒவ்வொரு ஹல்லும் ஒரே மாதிரி வரும். ஆஃப்டர்மார்க்கெட் ஹல்லுல, அதாவது ஜெட் ஸ்கீ கம்பெனி இல்லாம வெளி ஆளுங்க போடுறதுல, அந்த உத்தரவாதம் கிடையாது. ஒரே அச்சுல ஒரே ஆள் போட்ட ரெண்டு ஹல் கூட ரெண்டு விதமா இருக்கும், ஒண்ணு திங்கக்கிழமை காலையில நிதானமா போட்டது, இன்னொண்ணு டெலிவரிக்கு முந்தின நாள் ராத்திரி போட்டது.

"வெறும் இத்தனை கிலோதான்"னு பெருமையா சொல்றப்ப உங்க அடுத்த கேள்வி, எடை எங்க குறைஞ்சதுங்கிறதா இருக்கணும். வேக்கம் பேக் போட்டோ இன்ஃப்யூஷன் பண்ணியோ அதிகப்படி ரெசினை எடுத்து குறைச்சிருந்தா நல்ல விஷயம். ஒரு லேயர் நார்த்துணியையே விட்டுட்டு குறைச்சிருந்தா, பேக்ஃபிளிப் அடிச்சு தட்டையா வந்து விழுற முதல் நாள் தெரிஞ்சிடும்.

வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுறதைப் பார்த்து மயங்காதீங்க, அது அச்சோட பளபளப்பு. ஹூடைத் திறந்து டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. நார் வெளுத்துப் போய் காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சா அங்க ரெசின் போய் சேரல. மூலையில துணி ஒட்டாம பாலம் கட்டின மாதிரி எழும்பி நின்னா அதுக்கு அடியில வெறும் காத்துதான். ஊசி குத்தின மாதிரி ஓட்டைங்க வரிசையா இருந்தா தண்ணிக்கு வழி ரெடி. அப்புறம் ஒரு நாணயத்தை எடுத்து டிரே முழுக்க தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இடத்துல டிக் டிக்னு கணீர்னு வரும், லேயர் பிரிஞ்ச இடத்துல டொப்புனு செத்த சத்தம் வரும். விக்கிறவர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

ஈரமான கோர் மேல ஒட்டுறது

இப்ப என்னை இன்னும் கடுப்பேத்துற விஷயத்துக்கு வர்றேன்.

நிறைய ஆஃப்டர்மார்க்கெட் ஹல்லுங்க சாண்ட்விச் மாதிரி, மேல ஒரு தோல், கீழ ஒரு தோல், நடுவுல பிவிசி ஃபோம் கோர். இது போக மூக்குலயும் டிரேக்கு அடியிலயும் மிதக்குறதுக்காக ஊத்தின ஃபோம் வேற இருக்கும். "ஃபோம்தான் குளோஸ்ட் செல் ஆச்சே, தண்ணி எப்படி குடிக்கும்"னு கேப்பாங்க. நானும் கேட்டேன். பிவிசி ஃபோம் அவ்வளவு சீக்கிரம் குடிக்காது, வாஸ்தவம். ஆனா வளைவான இடத்துல ஷீட்டை வளைக்கிறதுக்காக அதுல கட்டம் கட்டமா கீறல் போட்டிருப்பாங்க, அந்தக் கீறலுக்குள்ள ரெசின் நிறையலேன்னா அத்தனையும் வாய்க்கால்தான். ஒரு மூலையில நுழைஞ்ச தண்ணி ரெண்டடி தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும். டிரேக்கு அடியில ஊத்துற பாலியூரித்தேன் ஃபோம் இன்னும் மோசம், ஓட்டுறவர் குதிச்சுக் குதிச்சு அது நொறுங்கி செல் எல்லாம் உடைஞ்சதும் பஞ்சு மாதிரி உறிஞ்சும்.

என் கதையைச் சொல்றேன். செகண்ட் ஹேண்டா ஒரு ஹல் வாங்கி என் பழைய யமஹா சூப்பர்ஜெட்டோட 701 சிசி இன்ஜினை அதுல உட்கார வச்சேன். கொஞ்ச நாள்ல பல்க்ஹெட் மூலையில விரிசல். வெளிய இருந்து கிரைண்ட் பண்ணி, அசிட்டோன்ல துடைச்சு, ரெண்டு லேயர் துணி, நல்ல எபாக்ஸி ரெசின், ஃபில்லர், பிரைமர், பெயின்ட்னு ரெண்டு வாரம் உட்கார்ந்து பண்ணேன். ரிப்பேர் பண்ண இடத்தைக் கண்டுபிடிங்க பார்ப்போம்னு நண்பர்கள்கிட்ட பந்தயம் கூட கட்டினேன். மூணாவது தடவை ஓட்டிட்டு வந்து கரையில வெயில்ல விட்டுட்டு திரும்பிப் பார்த்தா உள்ளங்கை அகலத்துக்கு கொப்புளம். ஊசியால குத்தினேன், பழுப்புத் தண்ணி பீச்சி அடிச்சுது. கண்டுபிடிக்க யாரும் சிரமப்படல.

நடந்தது இதுதான். ஈரமான இடத்துல எபாக்ஸி சரியா பிடிக்காது, பிடிச்ச மாதிரி நடிக்கும். நான் மேல மூடி போட்டதால தண்ணிக்கு வெளிய வர இருந்த ஒரே வழியும் அடைஞ்சு போச்சு. கருப்பு ஹல் வெயில்ல சூடானதும் உள்ள இருந்த காத்தும் ஆவியும் விரிஞ்சு எது பலவீனமோ அதைத் தள்ளுச்சு. அது நான் ஒட்டினதுதான். இன்னொண்ணு, ரூம் சூட்டுல மட்டும் காய்ஞ்ச சாதா எபாக்ஸி 50-60 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிடும், நேரடி வெயில்ல நிக்கிற கருப்பு ஹல் அந்தச் சூட்டை சர்வசாதாரணமா தொடும்.

அதை விட அவமானம், தண்ணி அந்த விரிசல் வழியா நுழையவே இல்ல. பில்ஜ் பம்ப் (உள்ள சேர்ற தண்ணியை வெளியேத்துற பம்ப்) ஹோஸ் ஆடாம இருக்கட்டும்னு நானே ரெண்டு ஸ்க்ரூ போட்டிருந்தேன், கோர் வரைக்கும் துளை, மேல கொஞ்சம் சிலிக்கான். அதுதான் வாசல். தண்ணி உள்ள போய் கோரும் தோலும் பிரிஞ்சுது, பிரிஞ்ச இடம் வளைய ஆரம்பிச்சுது, வளைஞ்சு வளைஞ்சு கடைசியா விரிசல். நான் வாசலைத் திறந்து வச்சுட்டு சுவருக்கு வெள்ளை அடிச்சிருக்கேன்.

சாண்ட்விச் இடத்துல துளை போட்டே ஆகணும்னா, முதல்ல பெரிய துளையா போட்டு, வளைச்ச கம்பியால சுத்தி இருக்கிற ஃபோமை நோண்டி எடுத்து, கெட்டியாக்கின எபாக்ஸியை ரொப்பி, காய்ஞ்சதும் அதோட நடுவுல ஸ்க்ரூவுக்கு துளை போடணும். அரை நாள் வேலைதான். சிலிக்கானை ஹல் பக்கமே கொண்டு வராதீங்க, அது பட்ட இடத்துல பின்னாடி ரெசினும் ஒட்டாது பெயின்ட்டும் ஒட்டாது.

சரி, தண்ணி இருக்கான்னு எப்படி தெரியும்? முதல் வேலை தராசு. வாங்கின அன்னைக்கே வெறும் ஹல்லை எடை போட்டு எங்கயாவது குறிச்சு வைங்க, பின்னாடி அந்த ஒரு நம்பர்தான் கோயில் கட்டி கும்பிடுற மாதிரி உதவும். ஈரம் காட்டுற மீட்டரை ஃபைபர் கிளாஸ்ல நம்பலாம், கார்பன் ஃபைபர் ஹல்லுல வைக்காதீங்க, கார்பன் கரன்ட் கடத்தும், எங்க வச்சாலும் ஈரம்னே சொல்லும், இதை நம்பி நல்ல ஹல்லை வெட்டிப்போட்ட ஆளை எனக்குத் தெரியும்.

காய வைக்கிறதுலதான் எல்லாருக்கும் பொறுமை போயிடும். பிரிஞ்ச இடத்துல தோலை உள்பக்கமா வெட்டித் திறங்க, நொறுங்கின ஃபோமை சுரண்டி எடுத்துடுங்க. கடல்ல ஓட்டின ஹல்லுன்னா முதல்ல நல்ல தண்ணியில அலசுங்க, ஈரத்தைக் காய வைக்க தண்ணி ஊத்துறதான்னு சிரிப்பு வரும், ஆனா உப்பு உள்ள தங்கிட்டா காத்துல இருக்கிற ஈரத்தை அது இழுத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் ஃபேன், மிதமான சூட்டுக்கு ஹீட் லேம்ப். ஹீட் கன்னை ஒரே இடத்துல காட்டினா ஃபோம் இளகி குழி விழும். வேக்கம் பம்ப் இருந்தா பை போட்டு இழுங்க, அழுத்தம் குறைஞ்சா தண்ணி சீக்கிரம் ஆவியாகும். மூணு நாளைக்கு ஒரு தடவை எடை போடுங்க, எடை இறங்குறது நின்ன பிறகு ஒரு தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை அந்த இடத்து மேல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி லேம்ப் காட்டுங்க. உள்பக்கம் வேர்த்தா இன்னும் காயல. எனக்கு ரெண்டாவது தடவை இது அஞ்சு வாரம் ஆச்சு, அஞ்சு வாரமும் நண்பர்கள் ஓட்டுற வீடியோவைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அந்தத் தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். "அவ்வளவு நாளா அண்ணா?"ன்னு கேட்டான். ரெண்டு தடவை பண்றதுக்கு இது கம்மிதான்டான்னேன்.

எபாக்ஸிக்கு சாப்டு மேட்

கடையில சுலபமா கிடைக்குதேன்னு சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்டை (வெட்டின கண்ணாடி நாரை பசை வச்சு ஒட்டின விரிப்பு) வாங்கி எபாக்ஸியில நனைப்பாங்க, அது நனையாம விறைப்பா நிக்கும், இன்னும் இன்னும்னு ரெசினை ஊத்துவாங்க. வழக்கமான மேட்டுல நாரைப் பிடிச்சு வச்சிருக்கிற பசை பாலியஸ்டர், வினைல் எஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன்ல கரையுறதுக்காகவே போட்டது. எபாக்ஸியில ஸ்டைரீன் கிடையாது, பசை கரையாது. எபாக்ஸின்னா நெய்த துணியோ, தைச்ச பையாக்ஸியலோ (ரெண்டு திசையில நார் ஓடுற துணி) போடுங்க.

எபாக்ஸி மேல பாலியஸ்டர்

வேண்டாம். மாத்தி, பாலியஸ்டர் மேல எபாக்ஸி நல்லா ஒட்டும். ஹல் எந்த ரெசின்னு தெரியலேன்னா எபாக்ஸியே போடுங்க.

கிரைண்ட் பண்ண கை நடுங்குறது

விலை கொடுத்து வாங்கின ஹல்லுல கிரைண்டர் வைக்க யாருக்கும் மனசு வராது. அதனால விரிசல் மேல மட்டும் லேசா தேய்ச்சு ஒரு பட்டையை ஒட்டிடுவாங்க. காய்ஞ்சு போன லேமினேட்டோட (துணியும் ரெசினும் சேர்ந்து இறுகின தோல்) புது ரெசின் ரசாயனமா சேராது, வெறும் பிடிமானம்தான், அப்ப பிடிக்கிற பரப்பு பெருசா இருக்கணும். வழக்கமான கணக்கு தடிமனைப் போல 12 மடங்கு சரிவு, 2 மில்லிமீட்டர் தோல்னா விரிசலோட ஒவ்வொரு பக்கமும் 24 மில்லிமீட்டர் சாய்வா தேய்ச்சு இறக்கணும். 80 கிரிட் சாண்ட் பேப்பர் போதும், வழவழப்பு வேண்டாம். துணியோட நார் எந்தத் திசையில ஓடுதோ புதுசும் அதே திசையில. கூடவே ஹல்லுல எத்தனை லேயர் இருக்குன்னு சாய்வுலயே எண்ணிடலாம், மரத்தோட வளையம் மாதிரி தெரியும். வெறும் ஃபில்லர் எதையும் தாங்காது, அது பள்ளத்தை ரொப்ப மட்டும்.

முந்தின நாள் போட்ட எபாக்ஸி மேல மெழுகு மாதிரி ஒரு படலம் நிக்கும், அதை அப்படியே சாண்ட் பண்ணா பேப்பர்ல அப்பிக்கிட்டு திரும்ப பரப்பு முழுக்க பூசிடும். முதல்ல தண்ணியும் ஸ்கிரப்பரும், அப்புறம்தான் பேப்பர்.

பாண்ட் லைன்

டெக்கும் அடிப்பகுதியும் சேர்ற சுத்து ஓரம். புது ஹல்லுலயே இது பிரியுறதை நான் பார்த்திருக்கேன், திறந்து பார்த்தா பசை ஒரு பக்கம் முழுசா உரிஞ்சு வந்து பளபளன்னு இருக்கும், அச்சுல தடவின மெழுகைத் துடைக்காம, சாண்ட் பண்ணாம ஒட்டியிருக்காங்க. மறுபடி ஒட்டும்போது நம்ம பண்ற தப்பு வேற: கிளாம்ப்பை பல்லைக் கடிச்சுக்கிட்டு இறுக்குறது. பசை எல்லாம் வெளிய பிதுங்கி வந்து நடுவுல ஒண்ணும் மிஞ்சாது. லேசா பிதுங்கினா போதும், அதோட நிறுத்துங்க.

கார்பன்ல நேரா அலுமினியம்

உப்புத்தண்ணியில ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்தா பேட்டரி மாதிரிதான், தின்னுபோறது அலுமினியம். இன்ஜின் மவுண்ட் தகடு வெள்ளையா பூத்து, வீங்கி, சுத்தி இருக்கிற லேமினேட்டையே பிளந்துடும். நடுவுல ஒரு லேயர் கண்ணாடித் துணி போட்டுப் பிரிங்க.

கெவ்லாரை சாண்ட் பண்றது

கெவ்லார்ங்கிறது உறுதியான செயற்கை நார்த்துணி, நார் நாரா எழும்பும், தேய்க்கத் தேய்க்க இன்னும் எழும்பும். மேல ஒரு கண்ணாடி லேயர் போட்டு அதைத் தேய்ங்க.

ரிப்பேர் முடிஞ்சதும் நேரா தண்ணியில இறக்குறது

டிரே, பல்க்ஹெட், பம்ப் பக்கம் எங்க கை வச்சிருந்தாலும் இன்ஜினுக்கும் பம்புக்கும் இருக்கிற நேர்கோடு மாறியிருக்கலாம். குறிப்பா ஹல்லை கோணலான ஸ்டாண்டுல வச்சு காய விட்டிருந்தா அது அந்தக் கோணல்லயே விறைச்சிருக்கும். இன்ஜினையும் பம்ப் தண்டையும் இணைக்கிற கப்ளரோட ரெண்டு பாதி மேலயும் நேரான ஒரு ஸ்டீல் ஸ்கேலை வச்சுப் பாருங்க, மேலயும் பாருங்க பக்கவாட்டுலயும் பாருங்க, இடைவெளி தெரிஞ்சா மவுண்ட்டுக்கு அடியில ஷிம் (மெல்லிய தகடு) வச்சு சரி பண்ணிட்டு போல்ட்டை இறுக்குங்க. முதல் ரைடு பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம், கரைக்கு வந்து ஹூடைத் திறந்து கப்ளருக்கு அடியில விரலால தடவிப் பாருங்க. கருப்பா ரப்பர் தூள் ஒட்டினா, இன்னும் கோணல்தான்.