'மேக்' என்று கேட்டு மழைக்கோட்டு வாங்காதீர்கள்

மதுரைப் பக்கமிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இ-விசா கணக்கை ஊரிலேயே திறந்து சரிபார்ப்பது, வங்கிக் கணக்கு, குடியிருக்கும் பகுதி மருத்துவரிடம் பெயர் பதிவது ஆகியவற்றை உங்கள் கல்லூரியோ நிறுவனமோ சொல்லிவிடும். மழைக்கோட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மாசி வீதியில் கொட்டும் மழைக்கு ஏதாவதொரு கடை வாசலில் அரைமணி நேரம் ஒதுங்கி நின்றால் வெறித்துவிடும். பிறகு தள்ளுவண்டியில் சூடாகப் பருத்திப்பால் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அந்த மணம் இப்போதும் நினைவுக்கு வருகிறது. இங்கோ காலையில் பிடித்த தூறல் பல நாட்களில் இரவுவரை விடுவதில்லை; குறுக்கே அடிக்கும் காற்றுக்குக் குடையும் நிற்காது.

அகராதியில் 'மேக்கின்டாஷ்', சுருக்கமாக 'மேக்', என்றால் நீர் புகாத மழைக்கோட்டு என்றிருக்கும். ஒருகாலத்தில் அது முழு உண்மை. இதே கிளாஸ்கோவில் பிறந்த சார்லஸ் மேக்கின்டாஷ் என்ற வேதியியலாளர், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த நாப்தா என்ற திரவத்தில் ரப்பரைக் கரைத்து, அதை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரே கோட்டுக்கும் பெயராயிற்று. இன்றைய துணிக்கடைகளில் 'மேக்' என்பது பெரும்பாலும் காலரும் பொத்தானும் வைத்து, முழங்காலை ஒட்டி இறங்கும் ஒரு தையல் பாணியைத்தான் குறிக்கிறது. துணி வெறும் பருத்தியாகக்கூட இருக்கலாம்.

நம் மதுரை விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் ரெயின்கோட்டு என்று கேட்டால் தண்ணீர் இறங்காத ஒன்றைத்தான் எடுத்துப் போடுவார்கள் என்ற பழக்கத்தில், நான் 85 பவுண்டு கொடுத்து ஒரு மேக் வாங்கினேன். நவம்பரில் வேலைக்கான நேர்காணலுக்கு நாற்பது நிமிடம் நடந்தபோது, முதலில் தோள் தையல் வழியாகக் குளிர்ந்த நீர் முதுகில் இறங்கியது. பிறகு உள்பையில் மடித்து வைத்திருந்த என் மதிப்பெண் பட்டியல் நனைந்து, கையொப்பத்தின் நீல மை முத்திரைமேல் பரவிவிட்டது. அம்மா பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை அலைந்துதான் நகல் வாங்கி அனுப்பினார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கடையில் திருப்பி எடுக்கவில்லை. உள்சீட்டில் 'ஷவர்ப்ரூஃப்' என்றுதான் போட்டிருந்தது. சிறு தூறலைச் சற்று நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்பதும் அரைகுறைதான். 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லைத் தேடுங்கள். கோட்டை உள்புறம் திருப்பி, தோளிலும் தலையை மூடும் பகுதியிலும் தையல்கள்மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பட்டை இல்லையென்றால், துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் ஊசித் துளை வழியே நீர் வரும்.

இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துசெய்யும் உரிமை உண்டு. கடையில் நேரில் வாங்கிய பழுதற்ற பொருளுக்குச் சட்டப்படி அந்த உரிமை இல்லை. அவர்களாக விரும்பிக் கொடுத்தால்தான். ஆகையால் நல்ல கோட்டு அமையும்வரை, ஊரில் வண்டி ஓட்டும்போது போட்ட பிளாஸ்டிக் கோட்டையே பெட்டியில் எடுத்து வாருங்கள். உள்ளே வேர்க்கும், ஆனால் சான்றிதழ் நனையாது.