ஃப்ளீட் வாக்கரின் ஒரு வரிக் கணக்கைப் படிப்பது எப்படி?

பழைய பேஸ்பால் வீரர் யாரைத் தேடினாலும் முதலில் கையில் சிக்குவது ஒரு வரி எண்கள்தான். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் என்று பேசப்படும் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கருக்கும் அப்படியே: 1884, டொலீடோ அணி, 42 ஆட்டம், 152 தடவை மட்டை பிடித்ததில் 40 ஹிட் (அவுட் ஆகாமல் பேஸை எட்டவைத்த அடி). உள்ளூர் கிரிக்கெட்டுக்கு இருபது வருஷமாக ஸ்கோர் எழுதுகிறவன் நான். இந்த வரியை நான் படிக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் ஆள் அவர்தானா என்று பாருங்கள். அதே வருஷம் அதே அணியில் அவர் தம்பி வெல்டேயும் ஆடினார்: 5 ஆட்டம், 18-க்கு 4. நான் ‘வாக்கர், டொலீடோ’ என்று மட்டும் பார்த்துத் தம்பியின் வரியை நோட்டில் ஏற்றிவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று மூடி வைத்தவன்.

அடுத்தது சராசரி. ரன்னை அவுட்டால் வகுக்கும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். 40-ஐ 152-ஆல் வகுத்தால் .263. வாக் (மோசமான பந்துகள் பல வந்ததால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) வாங்கிய தடவைகள் இந்த 152-இல் சேராது. அந்த வருஷ லீக் சராசரிக்கு இது மேலே. கேட்சருக்கு நல்ல எண்.

சரி, இப்போது கேட்சர் என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். நம் விக்கெட் கீப்பர் மாதிரிதான், ஆனால் அந்தக் காலத்தில் வெறுங்கை, மிஞ்சினால் மெல்லிய கையுறை. பந்து தப்பிப் பின்னால் போனால் நாம் ‘பை’ என்று எக்ஸ்ட்ராவில் போட்டுவிடுவோம். அங்கே அது பிடித்திருக்க வேண்டிய பந்தென்றால் ‘பாஸ்டு பால்’ என்று கேட்சர் தலையில் ஏறும். எந்தப் பந்து போட வேண்டும் என்று பிட்சருக்கு (பந்து எறிபவருக்கு) கேட்சர்தான் சைகை காட்டுவார்; வரப்போகும் பந்து கேட்சருக்குத் தெரிவதே அதனால்தான். டொலீடோவின் பெரிய பிட்சர் டோனி முல்லேன் 1919-இல் தானே ஒப்புக்கொண்டார்: தான் பந்து போட்ட கேட்சர்களில் வாக்கர்தான் சிறந்தவர், ஆனாலும் கறுப்பர் என்ற வெறுப்பில் அவர் சைகையைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு எறிந்தாராம். ஆகவே வாக்கரின் பிழைக் கணக்கைப் பார்க்கும்போது பாதியில் முல்லேன் பெயரையும் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

42 ஆட்டம் ஏன் குறைவு? காயங்கள், ஜூலையில் விலா எலும்பே முறிந்தது.

அப்புறம் வரிக்கு முன்னும் பின்னும் பாருங்கள். 1883 ஆகஸ்டில் சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன், வாக்கர் இறங்கினால் ஆடமாட்டேன் என்றார். கை வலியால் வாக்கருக்கு அன்று ஓய்வுதான். டொலீடோ மேலாளர் சார்லி மார்ட்டன் வீம்புக்கென்றே அவரை இறக்கினார். வசூல் பங்கு போய்விடும் என்றதும் ஆன்சன் ஆடினார். 1887 ஜூலை 14 அன்று, மேஜர் லீக்குக்குக் கீழ்ப் படியில் இருந்த இன்டர்நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள் இனிக் கறுப்பின வீரர்களைப் புதிதாக ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்களித்தார்கள். வாக்கர் அப்போது அந்த லீக்கின் நியூவர்க் அணியில் இருந்தார். பிறகு சிரக்யூஸில் 1889 வரை ஆடினார். மேஜர் லீக் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த வருஷங்கள் கண்ணிலேயே படாது.

‘மேஜர் லீக்கின் முதல் கறுப்பின வீரர்’ என்று எழுதுமுன் 1879-ஐயும் பாருங்கள். பிராவிடன்ஸ் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிய வில்லியம் எட்வர்ட் வைட்டின் தாய் அடிமையாக இருந்தவர். ஆனால் வைட் வெள்ளையராகவே வாழ்ந்தார். என் நோட்டில் இரண்டு பெயரும் இருக்கின்றன, வைட்டுக்குப் பக்கத்தில் ‘1 ஆட்டம்’ என்ற குறிப்போடு.