சரளமா வாசிச்சாங்க ஆனா எதுவும் புரியல, நான் மாத்தினது இதான்

என் ரெண்டாம் கிளாஸ் பசங்கள்ல நிறைய பேர் தடங்கல் இல்லாம வாசிப்பாங்க, புக்க மூடிட்டு என்ன படிச்சன்னு கேட்டா முழிப்பாங்க. தினம் வேற வேற பத்தி, கீழ அஞ்சு கேள்வி, இதையேதான் மாசக்கணக்கா ஓட்டிட்டு இருந்தேன்.

1988ல ரெக்ட், லெஸ்லின்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வ படிச்சப்பதான் பொறி தட்டுச்சு. வாசிப்புல வீக்கான பசங்க கூட பேஸ்பால் தெரிஞ்சிருந்தா, அது தெரியாத நல்லா வாசிக்கிற பசங்கள விட பேஸ்பால் கதைய நல்லா புரிஞ்சு ஞாபகம் வச்சிருந்தாங்க.

அப்போ விஷயம் தெரிஞ்சாதான் வாசிக்கிறது புரியும்னு, தினம் வேற வேற பத்திய விட்டுட்டு மூணு வாரம் தேனீ பத்தி மட்டும்தான். மொதல்ல கொஞ்சம் கஷ்டமான புக்க நான் சத்தமா வாசிப்பேன், நடுவுல நிறுத்தி நிறுத்தி பேசுவோம், படம் வரைவாங்க, அதுக்கப்புறம்தான் அதே விஷயத்துல சின்ன பத்திய அவங்களே வாசிப்பாங்க. "மகரந்தம்"னு வந்தாலே திணறி நிக்கிற ஒரு பொண்ணு ரெண்டாவது வாரம் நிக்காம வாசிச்சுட்டு, படத்துல தேனீயோட பின்னங்கால தொட்டு "இந்த மஞ்சள் மூட்டதான மிஸ் கூட்டுல இருக்குற புழுவுக்கு சாப்பாடு"ன்னா. எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

ஆனா எழுத்துக்கூட்டி வாசிக்கவே தகராறு இருக்குற பசங்களுக்கு தினம் 15 நிமிஷம் தனியா எழுத்துக்கூட்டி வாசிக்கிற பயிற்சி, அத மட்டும் நான் நிறுத்தவே இல்ல.