சிறுநீரில் குடல் பாக்டீரியாவின் தடயம்: நான் பட்ட பிறகு தெரிந்துகொண்டவை

குடல் பாக்டீரியா உண்டாக்கும் பொருள்களைச் சிறுநீரில் அளந்து நோய்க்கு அடையாளம் தேட வரும் புதியவர்கள், நான் செய்த அதே தவறுகளை அதே வரிசையில் செய்கிறார்கள். லேபிள் மாறுவது, பிப்பெட்டில் குமிழி வருவது எல்லாம் பழகினால் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

கிரியேட்டினினால் வகுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

தண்ணீர் நிறையக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும். அதைச் சரிக்கட்ட எல்லா அளவையும் கிரியேட்டினினால், அதாவது சிறுநீரில் எப்போதும் கழியும் ஒரு கழிவுப்பொருளின் அளவால், வகுப்பது வழக்கம். நாங்களும் வகுத்தோம். நோயாளிகளிடம் இண்டாக்ஸில் சல்பேட் ஏறியிருந்தது. கிரெசில் சல்பேட்டும் ஏறியிருந்தது. இரண்டுமே குடல் பாக்டீரியாவின் தடயங்கள். ஒரே கொண்டாட்டம். குடலோடு தொடர்பே இல்லாத பொருள்களும் கிட்டத்தட்ட அதே மடங்கு ஏறியிருந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். உண்மையில் எதுவும் ஏறவில்லை, கிரியேட்டினின்தான் இறங்கியிருந்தது. நாள்பட்ட நோயால் அவர்களுடைய தசை கரைந்துபோயிருந்தது. கிரியேட்டினின் வருவதே தசையிலிருந்துதானே!

கணக்கு எளிது. இருவருமே நாளுக்கு 80 மில்லிகிராம் இண்டாக்ஸில் சல்பேட் வெளியேற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் கிரியேட்டினின் 1.6 கிராம், இன்னொருவருடையது 0.8 கிராம். வகுத்தால் ஒருவருக்கு 50, மற்றவருக்கு 100. குடலில் ஒரு வித்தியாசமும் இல்லை, தாளில் மட்டும் இரண்டு மடங்கு. வயது, ஆணா பெண்ணா என்பது, சாப்பிட்ட இறைச்சி எல்லாமே இந்த எண்ணை அசைக்கும்.

இப்போதெல்லாம் முதலில் இரு குழுக்களின் கிரியேட்டினினை மட்டும் தனியாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அதிலேயே வித்தியாசம் இருந்தால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஒப்படர்த்தியையோ ஆஸ்மோலாலிட்டியையோ வைத்துத் திருத்திப் பார்ப்பேன். முடிந்தால் 24 மணி நேரச் சிறுநீர்தான். அதைச் சேகரிக்கச் சொன்னால் எல்லாரும் முகம் சுளிப்பார்கள், தெரியும். இன்றைக்கும் யாராவது இந்த விகிதத்தை மட்டும் காட்டிப் படம் போட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

முந்தைய நாள் உணவைக் கேட்காமல் விடுவது

பாக்டீரியாவின் தடயமாக நாம் அளக்கும் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு கடல்மீனில் நேரடியாகவே இருக்கிறது. முந்தின இரவு மீன் சாப்பிட்டவரின் சிறுநீரில் அது எகிறினால் பாக்டீரியாவுக்கு அதில் பங்கு குறைவு. ஹிப்யூரேட் என்ற இன்னொரு தடயமும் அப்படித்தான்: பதப்படுத்தச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டைக் கல்லீரலே ஹிப்யூரேட் ஆக்கிவிடும், குடலின் உதவி வேண்டாம்.

ஆன்டிபயாடிக்

கேளுங்கள். நேற்று மட்டுமல்ல, கடந்த சில மாதங்களில் எடுத்ததையும்.

ரத்தமும் சிறுநீரும் ஒன்றையே சொல்லும் என்று நினைப்பது

சிறுநீரகம் மந்தமானால் இண்டாக்ஸில் சல்பேட் ரத்தத்தில் தேங்கும். ஆனால் நிலை சீராக இருக்கும்வரை ஒரு நாளில் உண்டாவது எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் சிறுநீரில் போகும். அதனால் ரத்த அளவு பெரிதும் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுகிறது, 24 மணி நேரச் சிறுநீர் குடலைப் பற்றிப் பேசுகிறது.

மாதிரியை மேஜையில் விடுவது

சிறுநீர்ப்பாதைத் தொற்று இருப்பவரின் மாதிரியில் ஈ.கோலை உயிரோடு இருக்கும். ட்ரைமெத்திலமீன் ஆக்சைடை அது ட்ரைமெத்திலமீன் ஆக்கிவிடும். அப்புறம் அது குடலில் நடந்ததா, புட்டியில் நடந்ததா என்று இந்தப் பொருள்களை அளக்கும் எந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவியாலும் சொல்ல முடியாது.